ஒலுவில் கரை வடக்கே மட்டும் ஏன் கரைகிறது? மணல் நகரும் வழியை அறிந்துகொள்வோம்

அம்பாறை மாவட்டத்தின் ஒலுவில் கடற்கரைக்குச் செல்பவர்கள் ஒரே ஊரில் இரண்டு விதமான கரைகளைக் காணலாம். துறைமுகத்தின் தெற்குப் பக்கத்தில் மணல் குவிந்து கரை அகலமாகியிருக்கிறது. வடக்குப் பக்கத்திலோ கடல் ஊரை நோக்கி ஏறி வந்திருக்கிறது. அங்கே தென்னைகள் வேர் தெரிய நின்று ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. தோணி இழுத்து வைத்த இடமும், கரைவலை இழுத்த மணற்பரப்பும், உறுதி எழுதி வைத்திருந்த காணிகளும் கடலுக்குள் போயின.

இரண்டு பக்கமும் அடிப்பது ஒரே காற்று, மோதுவது ஒரே அலை. அப்படியிருக்க ஒரு பக்கம் வளர்வதும் மறுபக்கம் கரைவதும் எப்படி?

2004 சுனாமிக்குப் பிறகு கடலின் குணமே மாறிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். உலகம் வெப்பமாகிக் கடல் மட்டம் உயர்கிறது, அதனால்தான் என்று வேறு சிலர் சொல்வார்கள். கடல் மட்டம் உயர்வது உண்மைதான். 1901 முதல் 2018 வரை உலக சராசரியாகச் சுமார் 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. வரும் காலத்தில் எமது தாழ்வான கரையோர ஊர்களுக்கு அது பெரிய ஆபத்து. ஆனால் கடல் மட்டம் உயர்ந்தால் துறைமுகத்தின் இரண்டு பக்கமும் பாதிக்கப்பட வேண்டும். சுனாமிதான் காரணம் என்றாலும் அப்படியே. தெற்கில் மணல் சேர்கிறது என்பதே காரணத்தை வேறு இடத்தில் தேடச் சொல்கிறது.

அந்தக் காரணத்தைக் கரையோரத்தில் வாழும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருப்பது நல்லது. காரணம் தெரியாமல் கேட்கும் நிவாரணம், நம் வீட்டைக் காப்பாற்றி அடுத்த ஊரின் வீட்டைக் கடலுக்குக் கொடுப்பதாக முடிந்துவிடலாம்.

கடற்கரை ஓரிடத்தில் நிற்பதில்லை

கடற்கரையை நிலையான நிலம் என்றே நாம் நினைக்கிறோம். உண்மையில் அது ஓர் ஆற்றைப் போன்றது. ஆற்றில் நீர் ஓடுகிறது, கரையில் மணல் ஓடுகிறது.

அலைகள் பெரும்பாலும் கரைக்கு நேராக வருவதில்லை, சற்றுச் சாய்வாகவே வருகின்றன. அலை கரையில் ஏறும்போது மணலையும் அதே சாய்வில் மேலே தள்ளுகிறது. வேகம் தீர்ந்து நீர் திரும்பும்போது சரிவு வழியே நேராகக் கீழே இறங்குகிறது, மணலும் அதனுடன் இறங்குகிறது. சாய்வாக ஏறி நேராக இறங்கியதால், ஒரு மணற்துகள் தான் இருந்த இடத்திலிருந்து சிறிது பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். அடுத்த அலை அதை இன்னும் கொஞ்சம் நகர்த்தும். அலை உடையும் பகுதியில் கரைக்குச் சமாந்தரமாக ஒரு நீரோட்டமும் உண்டாகிறது. அது நீருக்குள் கலங்கி நிற்கும் மணலையும் அதே திசையில் இழுத்துச் செல்கிறது.

பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போகும்போது இதைக் கண்ணால் பார்க்கலாம். அலை உடையும் இடத்தில் ஒரு சிறு தேங்காய் மட்டைத் துண்டைப் போட்டு, சில நிமிடம் கழித்து அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் போட்ட இடத்துக்கு நேரே இருக்காது. வருடம் முழுவதும் இரவு பகலாக மணல் இப்படித்தான் பயணம் செய்கிறது. இதைக் கரையோர மணல் நகர்வு என்கிறார்கள். திறந்த கடலைப் பார்த்த கரைகளில் ஓர் ஆண்டில் இப்படி நகரும் மணல் பல இலட்சம் கன மீற்றர் வரை இருக்கும்.

வருடம் முழுவதும் திசை ஒன்றாக இருப்பதில்லை. தென்கிழக்கிலிருந்து வரும் அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. மாரி காலத்தில் வடகீழ்ப் பருவக்காற்றோடு வரும் அலைகள் தெற்கே தள்ளுகின்றன. ஆனால் வருடக் கணக்கை முடித்துப் பார்த்தால், ஒலுவில் கரையில் மிஞ்சும் நகர்வு தெற்கிலிருந்து வடக்கு நோக்கியதே.

வீட்டு வரவு செலவு போல ஒவ்வொரு கரைக்கும் ஒரு மணல் கணக்கு இருக்கிறது. தெற்கிலிருந்து வருவதும் ஆறு கொண்டு வருவதும் வரவு. வடக்கே போவது செலவு. இரண்டும் சமமாக இருக்கும் வரை கரை தன் இடத்தில் நிற்கும். மாரி காலத்துக் கொந்தளிப்பில் சில மீற்றர் அரிபட்டாலும், கடல் அமைதியானதும் அந்த மணல் பெரும்பாலும் திரும்ப வந்து சேரும். எமது மூத்த மீனவர்கள் இதை நன்கு அறிவார்கள். வரவு நின்று செலவு மட்டும் தொடரும்போது போன மணல் திரும்பி வராது.

துறைமுகம் வந்தபோது நடந்தது

ஒலுவிலில் துறைமுகம் ஒன்று அமைய வேண்டும் என்பது மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் கனவாக இருந்தது. துறைமுகங்களுக்குப் பொறுப்பான அமைச்சராக அவர் இருந்த காலத்திலேயே, 1999 இல், ஒலுவில் வெளிச்சவீடு எழுந்தது. 2000 செப்டம்பர் 16 இல் நடந்த ஹெலிகொப்டர் விபத்தில் அவர் வபாத்தானார். துறைமுக வேலை 2008 இல் டென்மார்க்கின் கடனுதவியுடன் தொடங்கியது. 2013 செப்டம்பர் 1 ஆம் திகதி அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச அதைத் திறந்து வைத்தார்.

தென்கிழக்குக் கரையோர மக்களுக்கு அது தொழிலும் வளமும் தரும் என்ற நம்பிக்கை நியாயமானதே. ஆழ்கடல் போகும் படகுகளுக்குப் பாதுகாப்பான இடம் தேவை என்பதிலும் சந்தேகமில்லை.

துறைமுகத்துக்குள் அலை வராமல் தடுக்க, கரையிலிருந்து கடலுக்குள் நீளும் பாரிய கல்லணைகள் கட்டப்பட்டன. அலையைத் தடுத்த அதே கல்லணைகள் மணல் ஓடும் வழியையும் மறித்தன. தெற்கிலிருந்து வந்த மணல் தெற்குக் கல்லணையில் மோதி அங்கேயே தங்கியது, அங்கு கரை வளர்ந்தது. கல்லணையின் முனையைச் சுற்றி வந்த மணல், ஆழமாக்கப்பட்ட துறைமுக வாயில் விழுந்து அதை நிரப்பத் தொடங்கியது. வடக்கே போய்ச் சேர வேண்டிய மணல் போகவில்லை.

ஆனால் வடக்கே அலை ஓயவில்லை. அங்கிருந்த மணலை வழக்கம்போல மேலும் வடக்கே, நிந்தவூர்ப் பக்கமாக எடுத்துச் சென்றுகொண்டே இருந்தது. வரவு இல்லாமல் செலவு மட்டும் நடந்தது. அதுதான் ஒலுவிலின் கடலரிப்பு.

ஆக, வடக்கே கரை போனதும், தெற்கே கரை வளர்ந்ததும், துறைமுக வாய் மூடுண்டதும் ஒரே நோயின் மூன்று அடையாளங்கள். எதிர்பார்த்த வர்த்தகக் கப்பல் போக்குவரத்து அங்கு ஏற்படவில்லை. மீன்பிடிப் படகுகளும் மணல் மூடிய வாயினால் உள்ளே வரவும் வெளியே போகவும் முடியாமல் தவித்த காலங்கள் உண்டு.

முன்பே தெரிந்த பாடம்

இப்படி நடக்கும் என்பது உலகத்துக்குப் புதிதாகத் தெரிந்த விடயமல்ல. கடலுக்கு அப்பால், இதே வங்காள விரிகுடாவின் இந்தியக் கரையில், நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கண்முன்னே இருக்கும் பாடம் இது.

சென்னைத் துறைமுகத்தின் கல்லணைகள் 1876 இல் கட்டத் தொடங்கப்பட்டன. அங்கும் மணல் வடக்கு நோக்கியே நகர்கிறது. துறைமுகத்தின் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து கரை அகன்றது. இன்று உலகமே அறிந்த மெரினா கடற்கரையின் அகலம் அப்படி வந்ததுதான். துறைமுகத்தின் வடக்கே இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை மீனவக் குப்பங்களும் வீதிகளும் கடலுக்கு இரையாகின. இன்று அந்தக் கரையில் பல இடங்களில் மணல் இல்லை, கருங்கல் மட்டுமே இருக்கிறது. மெரினாவில் மாலைக் காற்று வாங்குபவர்களில் எத்தனை பேர், அந்த மணலுக்கு வடசென்னை கொடுத்த விலையை அறிவார்கள்?

புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகம் கட்டினார்கள். சேரும் மணலை எடுத்து வடக்கே கொடுக்க வேண்டும் என்பது அங்கே திட்டத்திலேயே இருந்தது. ஆனால் அது சொன்னபடி தொடர்ந்து நடக்கவில்லை. சில ஆண்டுகளில் நகரின் புகழ்பெற்ற கடற்கரை மறைந்தது. நகரைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு அங்கிருந்து நகர்ந்து வடக்கே தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் மீனவக் கிராமங்களைத் தாக்கியது.

கல் கொட்டினால் போதாதா?

வீட்டு வாசலுக்குக் கடல் வரும்போது மக்கள் முதலில் கேட்பது கல். அந்த நேரத்தில் அது நியாயமான கோரிக்கைதான். வீதியோ பள்ளிவாசலோ பாடசாலையோ விழப்போகும் நிலையில் வேறு எதற்கும் நேரம் இருக்காது. ஆனால் கல் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

கரை நெடுகக் கொட்டும் கல் அதன் பின்னால் இருக்கும் நிலத்தைக் காக்கும், முன்னால் இருக்கும் மணலைக் காக்காது. அலை கல்லில் மோதித் திரும்பும்போது அடியிலுள்ள மணலைத் தோண்டுகிறது. கொஞ்ச காலத்தில் கடற்கரை என்று சொல்ல மணலே மிஞ்சாது. கரைவலைக்காரருக்கு வலை இழுக்க இடமில்லை, சிறு தோணிக்காரருக்குத் தோணி ஏற்ற இடமில்லை. அடி தோண்டப்படுவதால் கல்லும் இறங்கும், மீண்டும் கொட்ட வேண்டிவரும்.

கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் குறுக்குத் தடுப்புகள் வேறு வகை. தமிழகத்தில் இவற்றைத் தூண்டில் வளைவு என்பார்கள். ஓடும் மணலைப் பிடித்து வைத்துக்கொள்வது இவற்றின் வேலை. ஆனால் இவை புதிதாக மணலை உண்டாக்குவதில்லை. அடுத்த ஊருக்குப் போக வேண்டியதைத் தடுத்து நமக்கு எடுத்துக்கொள்கின்றன. அதனால் கடைசித் தடுப்பு முடியும் இடத்தில் அரிப்பு புதிதாகத் தொடங்கும். கல்லணை ஒலுவிலுக்குச் செய்ததையே, ஒலுவிலில் போடும் தடுப்பு நிந்தவூருக்குச் செய்யக்கூடும். நிந்தவூர் தடுத்தால் அதற்கும் வடக்கே இருப்பவர்களின் முறை வரும்.

காரைதீவு, மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனை என்று வடக்கே நீளும் கரை ஒரே சங்கிலி. ஒவ்வோர் ஊரின் அரிப்புக்கும் காரணம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் மாளிகைக்காட்டில் மையவாடியின் மதிலையே கடல் இடித்தது போன்ற செய்திகள், அவரவர் ஊருக்குத் தனித்தனியாகக் கல் கேட்பது எங்கே போய் முடியும் என்று எல்லோரையும் சிந்திக்க வைக்க வேண்டும். அண்டை வீட்டாருக்குத் தீங்கு வராமல் வாழ வேண்டும் என்று சிறு வயதிலிருந்தே கற்றுக்கொண்ட சமூகம் நாம். கரையோரத்தில் அண்டை வீடு என்பது அடுத்த ஊராகவும் இருக்கிறது.

மணலை அதன் வழியில் விடுவது

நோய் மணல் மறிபட்டது என்றால், மருந்து அந்த மணலைத் தடையைத் தாண்டி மறுபக்கம் சேர்ப்பதுதான். தெற்கே குவிந்ததையும் துறைமுக வாயில் அடைத்ததையும் எடுத்து வடக்குக் கரையில் இட வேண்டும். அங்கிருந்து அலை தன் வேலையைச் செய்து அதை மேலும் வடக்கே பங்கிட்டுக்கொள்ளும்.

இது ஏட்டளவில் இருக்கும் யோசனையல்ல. அவுஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் இதைச் செய்து வருகிறார்கள். அங்கும் முகத்துவாரத்தின் கல்லணைகள் வடக்கேயுள்ள கரைகளைப் பட்டினி போட்டிருந்தன. தெற்குக் கரையில் கடலுக்குள் ஒரு நீண்ட பாலம் கட்டி, அதன் கீழ் மணலுக்குள் பம்புகளைப் பதித்திருக்கிறார்கள். அவை நகர்ந்து வரும் மணலை நீருடன் உறிஞ்சி, ஆற்றின் அடியால் செல்லும் குழாய் வழியே வடக்குக் கரையில் கொண்டு சேர்க்கின்றன. ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 5 இலட்சம் கன மீற்றர் மணல் இப்படி மறுபக்கம் போகிறது.

எல்லா இடத்திலும் இத்தனை பெரிய ஏற்பாடு தேவைப்படாது. மணல் அகழும் கப்பலும் குழாயும் கொண்டும் இதைச் செய்யலாம். ஆனால் இது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையல்ல. கல்லணை இருக்கும் வரை ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை. வீட்டுக்கு மின்கட்டணம் போல, துறைமுகத்தை வைத்திருப்பதற்கான மாறாத செலவு அது. ஆண்டுச் செலவை ஒதுக்காமல் கட்டப்படும் துறைமுகத்துக்கு, அந்தச் செலவைக் கரையோரக் குடும்பங்கள் தங்கள் காணியால் கட்டுகின்றன.

தேவைப்படும் மணலின் அளவை ஓர் உதாரணக் கணக்கால் புரிந்துகொள்ளலாம். ஒரு கிலோமீற்றர் நீளக் கரை 10 மீற்றர் பின்வாங்கியதாக வைத்துக்கொள்வோம். கரையின் மேற்பரப்பிலிருந்து கடலடி வரை 5 மீற்றர் உயரத்துக்கு மணல் போனதாகக் கொண்டால், இழந்தது 50,000 கன மீற்றர். மூன்று கியூப் ஏற்றும் டிப்பரில் சுமார் 8.5 கன மீற்றர் கொள்ளும். அப்படியானால் கிட்டத்தட்ட 6,000 டிப்பர் மணல். பத்து இருபது லோட் மணலும் சில மண் மூட்டைகளும் ஏன் ஒரு மாரிக்குக்கூடத் தாக்குப்பிடிப்பதில்லை என்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

ஒலுவிலில் இந்த விடயம் மக்களை இரு பக்கமாகவும் நிறுத்தியிருக்கிறது. மீனவருக்குத் துறைமுக வாய் திறக்க வேண்டும், அது அவர்களின் அன்றாட உணவு. கரையை இழந்தவர்களுக்கோ, தம் கரைக்கு வழி காணாமல் துறைமுகத்தை மட்டும் சீராக்குவதா என்ற கோபம். இரு தரப்பின் கவலையும் உண்மையானது. ஆனால் மணலின் வழியைப் பார்த்தால் இவை ஒன்றுக்கொன்று எதிரான கோரிக்கைகளல்ல. வாயில் அகழப்படும் ஒவ்வொரு கன மீற்றர் மணலும் வடக்குக் கரையில் கொட்டப்பட்டால், படகுக்கும் வழி கிடைக்கும், ஊருக்கும் கரை கிடைக்கும். அகழ்ந்த மணலை ஆழ்கடலில் கொட்டினாலோ வேறு தேவைக்கு ஏற்றிச் சென்றாலோ ஊரின் இழப்பு நிரந்தரமாகிவிடும்.

ஆறும் கொடியும்

மணல் கணக்கின் மற்றொரு வரவு ஆறு. இந்தக் கரைக்கு மணல் கொண்டு வந்தது கல்லோயா. 1949 இல் தொடங்கிய இங்கினியாகலை அணைக்கட்டு வேலையும் சேனாநாயக்க சமுத்திரமும் எமது வயல்களுக்கு நீர் தந்தன. அதே நேரம், மலையிலிருந்து வரும் மணலின் ஒரு பகுதி எந்த நீர்த்தேக்கத்திலும் தங்கத்தான் செய்யும். மிஞ்சி வருவதையும் ஆற்றுப் படுக்கையில் அளவுக்கு மீறி அள்ளினால் கரைக்கு வரவு இன்னும் சுருங்கும். ஆற்றில் அள்ளும் மணலுக்கும் கரையில் விழும் தென்னைக்கும் தொடர்பு உண்டு.

கரையின் மேற்பரப்பில் படரும் அடம்பன் கொடியும் தாழையும் காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து மேடாக்குகின்றன. மாரி அலையின்போது கடல் முதலில் எடுப்பது அந்த மேட்டைத்தான், அது கரையின் சேமிப்புப் பணம். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. கல்லணை மறித்த மணலுக்குக் கொடி ஈடாகாது. ஆனால் துப்புரவு என்ற பெயரில் அதைச் செதுக்கி எடுப்பது, இருக்கும் சேமிப்பையும் செலவழிப்பதாகும்.

குடும்பங்களும் ஊரும் செய்யக்கூடியவை

முதலாவது, பதிவு. நிலையான ஓர் இடத்திலிருந்து, ஒரு வீட்டு மூலையோ கிணறோ மின்கம்பமோ, கரை விளிம்பு வரை எத்தனை மீற்றர் என்று மாதம் ஒருமுறை அளந்து திகதியுடன் எழுதுங்கள். அதே இடத்தில் நின்று படமும் எடுங்கள். பாடசாலை மாணவர்கள் இதை அழகாகச் செய்வார்கள். பருவத்துக்குப் போய் வரும் அரிப்பையும் திரும்பி வராத அரிப்பையும் பிரித்துக் காட்ட இந்தப் பதிவு உதவும். காணி உறுதி, நில அளவைப் படம் ஆகியவற்றின் பிரதிகளையும் பாதுகாப்பாக வைத்திருங்கள். காணி கடலுக்குள் போன பிறகு எல்லையைக் காட்ட வேறு வழியில்லை.

இரண்டாவது, சட்டம். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரும் சராசரி தாழ் நீர்மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரும் கரையோர வலயம். அதற்குள் அபிவிருத்தி வேலைகளுக்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி தேவை. அவரவர் காணிக்கு முன்னால் அவரவர் விருப்பப்படி கல் போடுவதும் இதில் அடங்கும்.

மூன்றாவது, கேள்வி. அதிகாரிகளோ அரசியல்வாதிகளோ தீர்வு ஒன்றைக் கொண்டு வரும்போது பள்ளிவாசல் நிர்வாகமும் மீனவர் சங்கமும் சேர்ந்து நான்கு கேள்விகளைக் கேட்கலாம். இந்த வேலைக்குப் பிறகு மணல் எங்கிருந்து வந்து எங்கே போகும்? வடக்கே அடுத்த ஊருக்கு என்ன நடக்கும்? அகழும் மணல் எங்கே இடப்படும்? அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் இதைச் செய்யப் பணம் யார் தருவார்கள்? விடை எழுத்தில் கிடைக்கட்டும்.

நான்காவது, ஒன்றுசேர்தல். ஒலுவிலும் நிந்தவூரும் வெவ்வேறு பிரதேச சபைகளுக்குள் இருக்கின்றன. மணலுக்கு அந்த எல்லை தெரியாது. பாலமுனை முதல் கல்முனை வரை கரையோர ஊர்களின் பள்ளிவாசல்களும் மீனவர் அமைப்புகளும், அயலிலுள்ள தமிழ் ஊர்களின் அமைப்புகளும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே கோரிக்கையை வைத்தால் அதற்குப் பலம் அதிகம். கடற்கரையைப் பற்றிக் கற்ற பேராசிரியர்களும் மாணவர்களும் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலிலேயே இருக்கிறது. அவர்களையும் அந்த மேசைக்கு அழைக்க வேண்டும்.

அந்தக் கோரிக்கையை ஒரே வரியில் சொல்லலாம்: வடக்குக்கு உரிய மணல் தெற்கிலும் துறைமுக வாயிலும் கிடக்கிறது, அதை ஆண்டுதோறும் வடக்குக்குக் கொடுங்கள். கல் தேவைப்படும் இடத்தில் கல்லும் போடட்டும். ஆனால் மணலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாத திட்டம், அரிப்பை ஒலுவிலிலிருந்து அடுத்த ஊருக்கு நகர்த்துவதோடு நின்றுவிடும்.